நிகர எடை

புக்கிட் ரோத்தான் ஆலையில் எனக்கு எடைமேடை வேலை.
கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு நாற்காலி, ஒரு பொத்தான்.
குலை ஏற்றிய லோரி உள்ளே வரும், எழுதுவேன்.
காலி லோரி வெளியே போகும், எழுதுவேன்.
பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் நிகர எடை.
பதினோரு வருடமாக
உலகத்தோடு எனக்கு இந்த ஒரு கணக்குதான்.

மே ஒன்றாம் தேதி ஆலைக்கு வாய் மூடியிருந்தது.
மோட்டாரில் குணாளன், நடுவில் லோஷினி, கடைசியில் நான்,
என் மடியில் நாசி லெமாக் பொட்டலம் மூன்று.
சடக்கின் இருபுறமும் செம்பனை,
கயிறு பிடித்து நட்ட மரங்கள்,
எந்த மரமும் எந்த மரத்தையும் தொடாது.
அது முடிகிற இடத்தில் ஒரு வேலி.
வேலிக்கு அந்தப் பக்கம்
ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நிற்கிற அலையாத்திக் காடு.

வாசலில் பெரிய நோட்டு.
பெயர், ஊர், எத்தனை பேர், நுழைந்த நேரம்.
வண்டி எண்ணுக்குக் கட்டம் தேடியது என் பேனா.
காவலர் ரஸ்லான் சொன்னார்:
“காக், திரும்பும்போதும் எழுதணும்.
எழுதாவிட்டால் தேடிக்கொண்டு வருவோம்.”
என்னைத் தேடி வருவதாக
இதுவரை யாரும் நோட்டுப் போட்டுச் சொன்னதில்லை.

பலகைப் பாதைக்குக் கீழே கடல் வற்றியிருந்தது.
அடுப்பை அணைத்தபின் கஞ்சி விடுகிற மூச்சுபோல்
சேறு அங்கங்கே பொக்கென்றது.
சேற்றைக் குத்திக்கொண்டு மேலே வந்த வேர்கள்
பெரட்டில் பேர் கூப்பிட்டதும்
எல்லாரும் ஒரே நேரத்தில் உயர்த்திய விரல்கள்.
மீனா தவளையா என்று முடிவெடுக்காத ஒன்று
கண்ணைத் தலைமேல் வைத்துக்கொண்டு நடந்து போனது.
“அதுக்கு வீடு தண்ணியா, தரையா?”
“ரெண்டுக்கும் வாடகை கட்டல போல” என்றார் குணாளன்.
லோஷினி சிரித்தாள்.
எங்கள் வீடு ஆலையுடையது. நானும் கொஞ்சம் சிரித்தேன்.

காடு விலகியதும் கடற்கரை.
படத்தில் வருகிற மணல் இல்லை,
தோசைக்கல் துடைத்த துணியின் நிறம்.
நண்டுகள் எங்களைக் கண்டு ஓடின,
ஓடிய பிறகு எட்டிப் பார்த்தன.
தூரத்தில் ஒரு கொக்கு, நெடுநேரம்,
யாருக்கோ காத்திருப்பதாகச் சொல்லிக்கொள்ளாமல் நின்றது.

அங்கேதான் அதைப் பார்த்தேன்.
அலை ஒதுக்கிய சிப்பிகளுக்கு நடுவே
ஒரு உதிரிப் பழம்.
செம்பனைதான். தலை கறுத்து, அடி சிவந்து.
யோசிக்கும் முன்பே கை குனிந்துவிட்டது.
உதிரி கிடந்தால் பொறுக்க வேண்டும்,
எங்கள் கைகளுக்கு வேறு பாடம் தெரியாது.

எதிரே பலகை:
இங்கிருந்து எதையும் எடுத்துச் செல்லாதீர்.

“அம்மா, இது நம்மளுதா, இவங்களுதா?”

ஆலைக்குப் பின்னால், கழிவுக் குட்டைகளுக்கு அப்பால்
ஒரு வாய்க்கால் ஓடுகிறது.
மழையில் நுரைத்துப் போகும், வெயிலில் நாறும்.
எங்கே போகிறது என்று யாராவது கேட்டால்
எங்கேயோ போகுது என்போம்.
நானே சொல்லியிருக்கிறேன், எத்தனையோ முறை,
டீ குடித்துக்கொண்டே.

எங்கேயோ என்பது இந்த இடம்.
அதற்கு நண்டுகள் இருக்கின்றன.

நாசி லெமாக்கை யாரும் முழுதாகத் தின்னவில்லை.
குணாளன் மட்டும் நெத்திலியைப் பொறுக்கினார்.

வெளியேறிய நேரம்: மூன்று பத்து.
எழுதிவிட்டு உள்ளங்கையை விரித்துக் காட்டினேன்.
ரஸ்லான் பழத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
“அது எங்களுடையது இல்லை, காக். கொண்டு போங்க.”
கோபமாகச் சொல்லவில்லை.
கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

மறுநாள் முதல் லோரிக்கு முன்னால்
இறங்கிப் போய் அதை மேடைமேல் வைத்தேன்.
திரும்பி வந்து பார்த்தால் சுழியம்.
இருபது கிலோவுக்குக் கீழே எதுவும்
என் மேடைக்குத் தெரியாது.
பின்னால் ஹோன் அடித்தார்கள்.

இப்போது அது பொத்தானுக்குப் பக்கத்தில் இருக்கிறது.
மூன்றாம் நாள் எறும்பு வந்தது.
எண்ணெய்க்கு வந்ததா உப்புக்கு வந்ததா,
தெரியவில்லை. தட்டிவிடவில்லை.